கோப்பை வேண்டாத ஆட்டம்

வருகின்ற சனி, ஞாயிறு தினங்களில் எங்கள் ஊர்க் கழகம் அயலூர்க் கழகத்தோடு கிரிக்கெட் ஆடும் என்னும் செய்தி, வானம் வெளித்த மாதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிராமங்களிலே தேநீர்க் கடையிலிருந்து கோயில் வீதிக்கும், பள்ளிவாசல் முன்றலிலிருந்து மீன்வாடிக்கும் வாய்மொழியாகவே சென்று சேர்வது. பரிசுத் தொகையோ, வெள்ளிக் கோப்பையோ, நுழைவுக் கட்டணமோ அச்செய்தியில் இடம்பெறுவதில்லை. இன்ன நேரம், இன்ன மைதானம், இத்தனை ஓவர் என்பன மாத்திரமே சொல்லப்படும். இத்தகைய ஆட்டத்திற்குச் சிநேகபூர்வ ஆட்டம் என்று பெயர். சுற்றுப்போட்டிகளுக்கும் இறுதியாட்டங்களுக்கும் உள்ள ஆரவாரம் இதற்கு இல்லாமையால் இதன் சரித்திரத்தை எழுதுவார் அரியர். ஆயினும், இந்தத் துறைமுகத்தை விரும்பி வந்த அரசுகள் பல தோன்றி மறைந்த பின்னரும், அவற்றுள் ஒன்று விட்டுச்சென்ற விளையாட்டை ஊர் மக்கள் தமதாக்கிக்கொண்ட வரலாறு முழுவதும் இச்சிறு ஆட்டங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்லவேண்டும். கோணேசர் கோயில் கொண்ட சுவாமிமலை கிழக்கே கடலை நோக்கி நிற்க, அதன் பின்னே மலைகள் அரணாக வளைந்து காக்கும் உட்துறைமுகமும், அதற்குத் தெற்கே மாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவும் விரிந்து கிடக்கின்றன. வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்னும் கடலோர ஊர்கள்; மேற்கே சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்னும் வயற்புறங்கள்; குடாவின் தென்கரையிலே கிண்ணியா, மூதூர், கட்டைபறிச்சான், சம்பூர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் 3,79,541 பேர் வாழ்ந்தனர். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்னும் மூன்று சமூகத்தாரும் பெருந்தொகையினராக அருகருகே வாழ்வதும், எவரும் தனித்துப் பெரும்பான்மையினர் ஆகாதிருப்பதும் இம்மாவட்டத்தின் சிறப்பியல்பாகும். ஓர் ஊர்க் கழகம் அயலூர்க் கழகத்தை ஆட அழைப்பது இங்கே பல வேளைகளில் ஒரு சமூகம் மற்றொரு சமூகத்தை அழைப்பதாகவும் அமைந்துவிடுகிறது.

கிரிக்கெட் வருவதற்கு முன்னும் இரு பக்கமாகப் பிரிந்து பகையின்றிப் போட்டியிடும் சம்பிரதாயம் கிழக்கிலங்கைக்குப் புதியதன்று. கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்ததாய், சிறப்பாக மட்டக்களப்புப் பகுதியிலே பிரசித்தி பெற்ற கொம்புமுறி விளையாட்டிலே, ஊரார் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரு கட்சியாகப் பிரிந்து, வைரம் பாய்ந்த இரண்டு வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இருபுறமும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் செய்யப்படும் அந்தச் சடங்கில் தோற்றவரை வென்றவர் பாட்டாலே பரிகசிப்பதும், விளையாட்டு முடிந்ததும் இரு சேரியாரும் ஒரே அம்மனை வணங்குவதும் மரபு. பத்தினித் தெய்வத்தை வழிபடும் சிங்கள மக்களிடத்தும் இதுவே அங்கெலிய என்னும் பெயரோடு, உடுபில, யட்டிபில என்ற இரு கட்சிகளைக் கொண்டு வழங்கிற்று. ஆகவே, போட்டி என்பது உறவை முறிக்காமல் உறுதிப்படுத்தவும் கூடும் என்னும் அறிவு இத்தேசத்து மக்களுக்கு மட்டையும் பந்தும் கையில் வருமுன்பே கைவந்திருந்தது.

இந்தத் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வந்த வரலாற்றிலும் ஆதியில் ஒரு துயரக்கதை உண்டு. 1660 ஆம் ஆண்டிலே, புயலில் பாய்மரம் இழந்த ஒரு வணிகக் கப்பல் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. அதிலிருந்த மாலுமிகள் சிலரைக் கண்டியரசனின் ஆட்கள் சிறைப்பிடித்துச் சென்றனர். அவருள் ஒருவனான இளைஞன் ராபர்ட் நொக்ஸ், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி நாட்டிலே கழித்து, 1679 இல் தப்பியோடி, தான் கண்டவற்றை 1681 இல் நூலாக வெளியிட்டான். போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டியதும், 1639 இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டதும், 1782 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஆங்கிலேயரும் அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்ரென் என்னும் பிரெஞ்சுக் கடற்றளபதியும் மாறி மாறி இதனைக் கைப்பற்றியதும், ஈற்றில் 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் நிலையாக அமர்ந்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வாண்டு முதல், பின்னர் பிரட்றிக் கோட்டை எனப்பட்ட அக்கோட்டையிலே தரைப்படையும், துறைமுகத்திலே கடற்படையும் தங்கலாயின.

கடலோடிகளுக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள தொடர்பு கீழைத் தேசங்களில் மிகப் பழையது. இந்தியாவிலே கிரிக்கெட் ஆடப்பட்டமைக்கு நமக்குக் கிடைக்கும் முதற் சான்று, 1721 இல் காம்பே வளைகுடாவிலே தங்கிய ஆங்கில மாலுமிகள், உள்ளூரார் பார்த்துநிற்கக் கரையில் இறங்கி ஆடினார்கள் என்று கிளெமென்ட் டவுனிங் என்பவர் எழுதிவைத்த குறிப்பேயாகும். கழகமோ கோப்பையோ பார்வையாளர் கட்டணமோ இல்லாது, ஓய்வுப் பொழுதைக் கழிக்கத் தமக்குள் இரு பக்கமாகப் பிரிந்து ஆடிய அந்த ஆட்டமே இக்கரைகளில் சிநேக ஆட்டத்தின் மூலவடிவம் எனலாம்.

திருகோணமலை நகரின் எஸ்பிளனேட் வெளியையடுத்த பழைய ஆங்கில இடுகாட்டிலே, 1852 அக்டோபரில் பர்மாப் போரின்போது நோயுற்று இறந்த கடற்றளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர். அந்த அம்மையார் மறைந்தபின் 1817 இறுதியில் வெளிவந்த ‘நோர்தாங்கர் அபே’ என்னும் நாவலின் கதாநாயகி, சிறுபிராயத்திலே பொம்மைகளைவிடக் கிரிக்கெட்டையே விரும்பியவளாகச் சித்திரிக்கப்படுகின்றாள். ஆங்கில நாட்டுக் கிராமங்களிலே ஆணும் பெண்ணும் சிறுவரும் அறிந்த சாதாரண வழக்கமாக இந்த விளையாட்டு இருந்த காலத்திலேதான், அவ்வழக்கத்திற் பிறந்து வளர்ந்த மனிதர் திருகோணமலைக்கு வந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லறையும் அந்நாவலும் சேர்ந்து சாட்சி பகர்கின்றன.

இலங்கையில் கிரிக்கெட்டின் எழுத்துவழிச் சரித்திரம் 1832 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு கொழும்பிலே கிரிக்கெட் கழகம் ஒன்று அமைக்கப்பட்டு, 97 ஆம் படைப்பிரிவோடு ஆட்டமும் நடந்தது. அது அன்னியர் அன்னியரோடு ஆடிய ஆட்டம். சுதேசிகள் கைக்கு இவ்விளையாட்டு வந்தது பாடசாலை வழியாகவே. கேம்பிரிட்ஜில் ஆடிப் பெயர்பெற்ற அஷ்லி வோக்கர் என்னும் ஆசிரியர், பின்னர் றோயல் கல்லூரி எனப்பட்ட கொழும்பு அக்கடமியிலே மாணாக்கருக்குப் பயிற்சியளித்ததன் பயனாக, 1879 இல் றோயல், சென்ற் தோமஸ் கல்லூரிகளின் ஆட்டம் தொடங்கிற்று. 1904 இல் யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரிக்கும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே, இன்று வடக்கின் பெருஞ்சமர் என வழங்கும் ஆட்டம் ஆரம்பமாயிற்று. திருகோணமலையிலே 1867 இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியும், 1897 இல் தோன்றிப் பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் சுவாமி விபுலானந்தரது கண்காணிப்பும் பெற்று வளர்ந்த இந்துக் கல்லூரியும் ஆங்கிலக் கல்வியோடு விளையாட்டையும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அளித்தன. பாடசாலை மைதானத்தில் விதிகளைக் கற்ற பையன் விடுமுறைக்கு ஊருக்குத் திரும்பும்போது, அவ்விதிகளும் அவனோடு ஊருக்கு வந்தன.

இங்கே ஒரு விஷயத்தை ஆழ்ந்து நோக்கவேண்டும். கொழும்பிலே கழகங்கள் பெரும்பாலும் இனவாரியாகவே தோன்றின: மலாயர் கழகம் 1870களிலும், பறங்கியர் கழகம் 1896 இலும், தமிழ் யூனியனும் சிங்கள விளையாட்டுக் கழகமும் ஒரே ஆண்டாகிய 1899 இலும், சோனகர் கழகம் 1908 இலும் அமைந்தன. பம்பாயிலோ சமயவாரியாக அணிகள் பிரிந்து ஆடிய பெரும் பந்தயம், காந்தியடிகள் 1940 இல் கண்டித்ததன் பின்னரும் சில ஆண்டுகள் தொடர்ந்து, 1946 இல் முற்றாக நின்றது. ஒரே அமைப்பு ஓரிடத்தில் பிளவுக்கும் மற்றோரிடத்தில் பழக்கத்துக்கும் காரணமாவது எவ்வாறு? வெற்றியைச் சமூகத்தின் மானமாக ஏற்றிவைத்துக் கோப்பையும் கூட்டமும் சேர்த்துப் பெருக்கும் இடத்திலே பிளவு வளர்கிறது. இன்று நீர் வந்தீர், அடுத்த வாரம் யாம் வருகிறோம் என்னும் முறையிலே ஆட்டம் நடக்குமிடத்திலே பழக்கம் வளர்கிறது. திருகோணமலைக் கிராமங்களின் கழகங்களும் ஊர்வாரியானவை, ஆதலால் பெரும்பாலும் சமூகவாரியானவை. ஆயினும் அவற்றுக்கிடையே சிநேக ஆட்டம் என்னும் பாலம் இருந்தமையால், கழகம் வேலியாகாது வாயிலாக நின்றது.

இந்தக் கொள்கைக்காக இங்கிலாந்திலே நெடுங்காலம் வாதம் நடந்ததுண்டு. வடபுலத்துத் தொழில் நகரங்களிலே 1892 இல் தொடங்கிய லங்காஷயர் லீக் புள்ளிகளுக்கும் பரிசுக்கும் ஆடி, கூலி கொடுத்துப் புகழ்பெற்ற வீரர்களை வரவழைத்தது. மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கொன்ஸ்ரன்ரைன் 1929 முதல் நெல்சன் நகருக்கு ஆடியது அவ்வாறே. தென்புலத்துக் கழகங்களோ, 1915 இல் தோன்றிய கிளப் கிரிக்கெட் கொன்பரன்ஸ் என்னும் சம்மேளனத்தின் கீழ், புள்ளிப் பட்டியல் புகுந்தால் சிநேகம் கெடும் என்று கருதிச் சிநேக ஆட்டங்களையே போற்றி ஆடின. 1960களின் பிற்பகுதியில், சரே மாவட்டத்துக் கழகங்கள் 1968 இல் தமக்கொரு சுற்றுப்போட்டியை அமைத்தது முதலாகவே அந்நிலை மாறியது. லீக் முறை ஆட்டத்தின் தரத்தை உயர்த்தியது என்பதை மறுப்பார் இலர். ஆனால், தோற்றவனும் வென்றவனும் ஒரே மேசையிலிருந்து உணவுண்ணும் வழக்கத்தை வளர்த்தது சிநேக ஆட்டமே.

இரண்டாம் உலகயுத்தம் திருகோணமலையின் முகத்தையே மாற்றியது. 1905 அளவில் மூடப்பட்ட கடற்படைத் தளம் பின்னர் மீண்டும் விருத்திசெய்யப்பட்டு, சீனன்குடாவிலே எண்ணெய்க்குதங்கள் நூறளவில் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஊர் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். பின்னர் ஆபத்து நீங்கிக் கீழைக் கப்பற்படை திரண்டு தங்கியபோது, துறைமுகத்து வேலைக்கெனத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் திரளாக வந்து சேர்ந்தனர். சுதந்திரத்துக்குப் பின்னும் பிரித்தானியர் கையிலிருந்த அத்தளம், பிரதமர் பண்டாரநாயக்கா காலத்தில், 1957 அக்டோபர் 15 ஆம் திகதி இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கப்பல்கள் போய்விட்டன, பட்டறைகளில் வேலை குறைந்தது, ஆனால், விளையாட்டு போகவில்லை. ஆண்டவர் கொண்டுசெல்ல விரும்பாத பொருளாக, ஆளப்பட்டவர் தாமே விரும்பி வைத்துக்கொண்ட பொருளாக அது கரையில் நிலைத்தது.

கிராமத்துக்குள் வந்த கிரிக்கெட் அந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் இசையத் தன்னைத் திருத்திக்கொண்டது. வாடைக்காற்றோடு மாரி பெய்யும் ஐப்பசி முதல் தை வரையில் மைதானம் ஈரம் காய்வதில்லை. பெரும்போக அறுவடை முடிந்து வயல் இறுகியதும், தம்பலகாமம் போன்ற ஊர்களில் ஒட்டுக்கழித்த வயலே ஆடுகளமாயிற்று. கச்சான் வீசும் மாதங்களிலோ கடலோரத்து ஊர்களில் ஈரமணல் இறுகிய கரையில் ஆட்டம் நடந்தது. அப்பருவத்திலே மேற்குக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து வாடியமைத்துத் தங்குவோரின் பிள்ளைகளும் பக்கம் குறைந்தபோது சேர்த்துக்கொள்ளப்படுவர். புற்றரை வளர்க்க நீரும் பணமும் இல்லாத இடத்தில் தென்னந்தும்பாலான கயிற்றுப்பாயை விரித்து ஆடுவது இலங்கை முழுதும் நெடுங்காலம் வழங்கிய உபாயம். கடினப்பந்துக்கு வேண்டிய காப்புறைகளை வாங்கும் வசதி எல்லாக் கழகத்துக்கும் இல்லாமையால், ரெனிஸ் பந்து கொண்டு ஆடும் மென்பந்து ஆட்டமே ஊர்களிற் பெருகியது. இதனைக் குறைபாடாகக் கருதுவார் உண்டு. ஆனால், ஒரு பந்தும் ஒரு மட்டையும் இருந்தாற் போதும் என்னும் அந்த எளிமையே, வறியவனையும் வயது முதிர்ந்தவனையும் பதினொருவருள் ஒருவனாக நிற்கச் செய்தது.

வார இறுதி என்னும் காலவரையறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சனிக்கிழமை அரைநாளும் ஞாயிறு முழுநாளும் ஓய்வு என்பது அலுவலகங்களோடும் துறைமுகப் பட்டறைகளோடும் வந்த வழக்கம்; முஸ்லிம் ஊர்களிலே வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்திய மாலைப்பொழுதும், கத்தோலிக்கருக்கு ஞாயிற்றுப் பூசைக்குப் பிந்திய வேளையும் ஆட்டத்துக்கு உகந்தவையாயின. அழைக்கும் ஊர், வரும் ஊரின் தொழுகையையும் திருவிழாவையும் நோன்பையும் அறிந்தே நாள் குறிக்கவேண்டியிருந்ததால், அயலாரின் சமய ஒழுக்கத்தைக் கழகச் செயலாளர் கற்றுத் தேர்ந்தவரானார். 1966 முதல் 1971 வரை, ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாட்களே வார ஓய்வு என அரசாங்கம் விதித்திருந்த காலத்திலே, சந்திரனின் வளர்பிறை தேய்பிறைக்கேற்ப ஓய்வுநாள் வாரத்துக்கு வாரம் மாறியது. இலங்கையில் ஆட்டநாளைக் குறிப்போர் பஞ்சாங்கம் பார்த்த ஐந்தாண்டுகள் அவை.

நீரும் இவ்வூர்களைப் பிரித்திருந்தது. நகரிலிருந்து மூதூருக்குக் குடாவைக் கடந்து படகிற் செல்லவேண்டும். கிண்ணியாவுக்குத் துறையிலே பாதைப்படகு ஏறவேண்டும். கடைசிப் படகின் நேரமே ஆட்டத்தின் முடிவு நேரத்தையும் விதித்தது. 2009 அக்டோபரில், 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, வணிகருக்கும் நோயாளருக்கும் கிடைத்த அனுகூலம் விளையாட்டுக் கழகங்களுக்கும் கிடைத்தது.

அதற்குமுன் கழிந்த கால் நூற்றாண்டின் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. போரிலே ஊர்கள் இடம்பெயர்ந்தன. இருட்டுமுன் வீடு சேரவேண்டிய ஊர்களில் மாலை ஆட்டம் என்பதே அரிதாயிற்று. ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரின் ஊருக்குப் போக அஞ்சினர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா முதலிய கரையோர ஊர்களில் உயிர்களை வாரிச்சென்றது. 2006 இல் மூதூர்ப் பகுதி மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். சம்பூர் மக்கள் தம் நிலத்துக்குத் திரும்ப 2015 வரை காத்திருந்தனர். இத்தனைக்கும் இடையில், 1996 மார்ச் 17 ஆம் திகதி லாகூரிலே இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, அந்த அணியிற் பந்துவீசிய முத்தையா முரளிதரனின் பெயர் மூன்று சமூகத்துச் சிறுவர் வாயிலும் இருந்தது. போர் முடிந்தபின் வடபுலத்திலே 2012 இல் முரளி நல்லிணக்கக் கிண்ணம் என்னும் போட்டி தொடங்கியதும், பிரிந்தவரை மைதானத்திற் சேர்க்கலாம் என்னும் அந்த நம்பிக்கையினாலேயே.

இன்று நகரின் மக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் போட்டிகளுக்குக் குறைவின்றி விளங்குகின்றன. ஊர்களிலும் நினைவுக் கிண்ணங்களும் பரிசுப் பணமும் பெருகியுள்ளன. அவற்றை நான் வெறுப்பவனல்லன். திறமைக்கு ஊக்கம் வேண்டும், ஊக்கத்துக்குப் பரிசும் வேண்டும். ஆயினும், சுற்றுப்போட்டியிலே முதல் ஆட்டத்தில் தோற்ற அணி காலை பத்து மணிக்கே வீடு திரும்புகிறது. வென்ற அணி மாத்திரம் மாலைவரை நிற்கிறது. வெளியூர் ஆட்டக்காரரைப் பணங்கொடுத்து வரவழைக்கும் கழகத்தில் ஊர்ப் பையன் தண்ணீர் கொண்டுசெல்பவனாகிறான். நடுவர் தீர்ப்பிலே எழும் சிறு பிணக்கு, பணமும் மானமும் ஏறிய இடத்திலே ஊர்ப் பகையாகிவிடுகிறது. சிநேக ஆட்டத்திலோ துடுப்பாடும் பக்கத்தவரே நடுவராக நின்று தம்மவரை ஆட்டமிழக்கச் செய்யவேண்டும். நேர்மையைக் கற்பிக்க இதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை. வந்தவருக்குத் தேநீரும் சோறும் அளிப்பது அழைத்தவர் கடன். அடுத்த முறை அக்கடனைத் தீர்ப்பது வந்தவர் கடன். இவ்வாறு கடனாலே கட்டப்பட்ட உறவு ஒரு பருவத்தோடு முடிவதில்லை.

ஆதலின் இம்மாவட்டத்துக் கழகத்தாரிடம் மூன்று விண்ணப்பங்களைப் பணிவோடு முன்வைக்கிறேன். ஆட்டக்கால மாதமொவ்வொன்றிலும் ஒரு வார இறுதியையேனும் கோப்பையில்லாத ஆட்டத்துக்கென ஒதுக்குங்கள். அந்நாளில் உங்கள் மொழி பேசாத, உங்கள் கோயிலுக்கு வராத ஓர் ஊரை அழையுங்கள். ஆடியவர் பெயரையும் எடுத்த ஓட்டங்களையும் ஒரு புத்தகத்தில் எழுதி, அதைக் கழகத்தின் பெட்டியிலே பத்திரமாக வையுங்கள். கோட்டைகளைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் எழுதிவைக்க அரசுகளுக்கு எழுத்தர் இருந்தனர். ஊர் ஊரோடு ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுதிவைக்க ஊராரைத் தவிர வேறு எவரும் இல்லை.